மூன்று வருட பேட்டரி சார்ஜரும் ராத்திரி மின்வெட்டும்

நேற்று சித்தி மகன் ஃபோனில் கேட்டான்: "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அதே கார் பேட்டரி சார்ஜர் விலை குறைஞ்சிருக்கு, வாங்கிரவா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

12 வோல்ட், 4 ஆம்பியர், நிறைந்ததும் தானாக அடங்கும் வகை. எங்கள் பெட்ரோல் காரில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. மதுரைக்குள் எனக்கு பைக் போதும்; கார் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வாசலைத் தாண்டும். சும்மா நின்றாலும் கடிகாரமும் அலாரமும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். முன்பெல்லாம் செல்ஃப் எடுக்காமல் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளுவோம். சார்ஜர் வந்தபின் அந்த வேலை நின்றது.

சார்ஜ் போட பேட்டரியைக் கழற்றுவதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். வண்டியை அணைத்துவிட்டு, முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில். காரின் பாடி முழுக்க மைனஸ்தான். மைனஸ் இணைப்பில் இருக்கும்போதே பிளஸ் நட்டைத் திருகி, ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் பெரிய பொறி பறக்கும். மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுவேன். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் பழைய பிரஷை நனைத்துத் தேய்த்துத் துடைப்பேன். கிளிப் இரண்டையும் மாட்டிய பிறகே சுவிட்ச். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் பேட்டரியைக் காற்றோட்டமான போர்ட்டிகோவில்தான் வைப்பேன். கொசுவர்த்திகூடப் பக்கத்தில் வரக்கூடாது.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஆறவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 12.7 வோல்ட் காட்டும். அதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதிக்கு இந்தக் கருவியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் நடுவில் கரண்ட் போய் வந்தால் இது தானாகத் தொடங்காது. பட்டனை அழுத்தி மறுபடி கார் பேட்டரி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரியும்.

போன வாரம் டிக்கி விளக்கு அணையாமல் கிடந்து பேட்டரி 11.6-க்கு இறங்கிவிட்டது. மறுநாள் விடிகாலையில் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும். ராத்திரி பத்து மணிக்குச் சார்ஜில் போட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் சத்தம் மட்டும். வெறும் வயிற்றோடு அம்மா வாசலில் நிற்க, நான் ஆட்டோ தேடி ஓடினேன்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில், "பாதுகாப்புக்காக அப்படித்தான் சார்" என்றார்கள். யாராவது கிளிப்பை மாற்றி மாட்டியிருக்கலாம் என்ற பயம் நியாயம்தான். ஆனால் கிளிப் தலைகீழாக மாட்டினால் கண்டுபிடித்து நிற்கும் புத்தி இதற்கு ஏற்கனவே உண்டே! கடைசியாகச் செய்த வேலையை நினைவில் வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? மின்வெட்டு நம் ஊரில் புதிதா?

தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பாதி விலைக்குக் கொடுத்தாலும். கடையிலேயே ஒரு பேட்டரியில் மாட்டச் சொல்லி, சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார், தானாகத் தொடங்கினால் வாங்கு என்றேன். என்னுடையதை விற்கப் போவதில்லை. இன்று காலை ஏழு மணிக்கே சார்ஜில் போட்டுவிட்டு, விளக்கு தெரிகிற மாதிரி திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.