பகடையில் ஒரு 5 விழுந்தால் அதை எங்கே வைப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு கூட்டாக ஆடும் கதை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பில் (2014) கேரக்டரின் ஆறு திறன்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எடுக்க, நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, சிறியதை விட்டுவிட்டு மீதி மூன்றைக் கூட்டுகிறோம். இப்படி ஆறு எண்கள் எடுக்கும்போது ஒன்றாவது 6-லோ அதற்குக் கீழேயோ விழ ஏறத்தாழ 16% வாய்ப்பு உண்டு. பகடைக்குப் பதில் பாயின்ட் கொடுத்து எண்களை வாங்கும் முறையில் 8-க்குக் கீழே போகவே முடியாது. அதனால் உண்மையிலேயே தாழ்ந்த எண் பகடை போடுபவர்களுக்கு மட்டுமே வாய்க்கும். அப்படி ஒரு 5 வந்துவிட்டது, அதாவது அந்தத் திறனைச் சார்ந்த உருட்டல்களில் −3. மற்ற ஐந்தும் சுமாராக இருக்கின்றன. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் (டி.எம்.) மறுபடி உருட்டக் கேட்காதீர்கள். சரியான இடத்தில் வைத்தால் அந்த 5 ஆட்டத்துக்கு நல்ல தீனி.

ஒரு குறையைக் கூட இருப்பவர்கள் கைகொடுத்துச் சமாளிக்க முடிகிறதா, இல்லை உங்கள் பகடை மட்டும்தான் காப்பாற்ற வேண்டுமா என்று பாருங்கள். ஆறு திறன்களையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி), விஸ்டம் (விவேகம்): வேண்டாம்

கான்ஸ்டிடியூஷன் (கான்) 5 உள்ள மந்திரவாதிக்கு முதல் லெவலில் 3 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி. அதன்பின் லெவலுக்கு நிலையான 4-இல் 3 போக ஒன்றுதான் ஏறும். ஐந்தாம் லெவலில் மொத்தம் 7. அந்த லெவலில் எதிரி ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை வீசுவது சகஜம். 8 பகடை அடி, சராசரி 28. சேவ், அதாவது தப்பிக்கும் உருட்டலில் தேறிப் பாதியாக்கினாலும் 14. அதில் 7 உங்களைப் பூஜ்யத்துக்கு இறக்கும். மிச்சமுள்ள 7 உங்கள் முழு ஹிட் பாயின்டுக்குச் சமம், ஆகவே விதிப்படி அங்கேயே மரணம். பூஜ்யத்தில் உயிருக்காக உருட்டும் சாவுச் சேவ் போடக்கூட வழியில்லை, ஹீலர் ஓடிவந்தும் பயனில்லை. இதே மந்திரவாதிக்கு கான் 14 என்றால் 32 ஹிட் பாயின்ட் இருக்கும், சேவ் தவறினாலும் சராசரி அடியில் நிற்பார்.

விஸ்டம் 5 இன்னொரு வகையில் கெடுதல். பகடை உருட்டாமலே கவனிக்கும் அளவான பாசிவ் பெர்செப்ஷன் 7. பதுங்கலில் +6 உள்ள கோப்ளின் என்ற குட்டி அரக்கன் இருபது முகப் பகடையில் (டி20) 2 போட்டாலே உங்களைத் தாண்டிவிடும். ஆளை விறைக்க வைக்கும் ஹோல்ட் பெர்சன் மந்திரத்துக்கு எதிராக 13 எடுக்க வேண்டுமென்றால் உங்களுக்கு 16 விழ வேண்டும், 25% வாய்ப்பு. விறைத்து நிற்பவரை அருகிலிருந்து தாக்கினால் படும் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல், அதாவது இரட்டைப் பகடை அடி. மனதை வசப்படுத்தும் மந்திரம் என்றால் உங்கள் வாள் உங்கள் கூட்டத்தின் மீதே திரும்பும்.

டெக்ஸ்டெரிட்டி (டெக்ஸ், சுறுசுறுப்பு): கனத்த கவசக்காரருக்கு மட்டும்

லேசான கவசம் அணிபவருக்கு டெக்ஸ் 5 தற்கொலைக்குச் சமம். கவசமே இல்லையென்றால் ஏ.சி. (உங்கள் மேல் அடிபட எதிரி எட்ட வேண்டிய எண்) 7. ஆனால் செயின் மெயில் என்ற சங்கிலிக் கவசம் அணிந்தால் ஏ.சி. 16, பிளேட் என்றால் 18. கனத்த கவசத்தில் டெக்ஸ் கூடுவதும் இல்லை, கழிவதும் இல்லை. ஸ்ட்ரெங்த் 13 உள்ள ஃபைட்டர் செயின் மெயிலுக்குள் இந்த 5-ஐ ஒளித்துவிடலாம். யார் முதலில் ஆடுவது என்ற இனிஷியேட்டிவும், டிராகன் மூச்சிலிருந்து தப்புவதும்தான் மிச்சத் தொல்லை. டிராகனை நினைத்தால் எனக்கு இதில் முழு மனம் இல்லை, ஆனாலும் முந்தைய இரண்டையும்விட இது எவ்வளவோ மேல்.

ஸ்ட்ரெங்த் (உடல் பலம்): மந்திரம் போடுபவருக்கு முதல் தேர்வு

பொதுவிதிப்படி ஸ்ட்ரெங்த்தின் 15 மடங்கு பவுண்டு சுமக்கலாம், 5-க்கு 75 பவுண்டு. இதனால் பலரும் ஸ்ட்ரெங்த் 5-ஐ வலியில்லாத குறை என்று நினைக்கிறார்கள். மாற்றுச் சுமைவிதியை டி.எம். எடுத்துக்கொண்டால் கதை வேறு. 5 மடங்கைத் தாண்டினால் வேகத்தில் 10 அடி குறையும். 10 மடங்கைத் தாண்டினால் 20 அடி குறைவதோடு ஸ்ட்ரெங்த், டெக்ஸ், கான் சம்பந்தப்பட்ட எல்லா உருட்டலிலும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது). உங்களுக்கு அந்த எல்லைகள் 25, 50 பவுண்டு.

எக்ஸ்ப்ளோரர்ஸ் பேக் என்ற பயண மூட்டையை எடுத்து எடை போடுங்கள். முதுகுப்பை 5, படுக்கை 7, சாப்பாட்டுத் தட்டு 1, தீப்பெட்டிச் சாமான் 1, பத்துப் பந்தம் 10, பத்து நாள் உணவு 20, நிரம்பிய தண்ணீர்த் தோற்பை 5, ஐம்பது அடிக் கயிறு 10. மொத்தம் 59 பவுண்டு. கடையை விட்டு வெளியே வருவதற்குள் மந்திரவாதியின் வேகம் 30-இலிருந்து 10 ஆகிவிடும்.

சரிசெய்ய வழி உண்டு. பை 5, தோற்பை 5, மூன்று நாள் உணவு 6, மூன்று பந்தம் 3, தீப்பெட்டிச் சாமான் 1, மந்திரப் புத்தகம் 3, குத்துவாள் 1, மந்திரக்கோல் 1. சரியாக 25. கோலுக்குப் பதில் மந்திரப் பொருள்கள் வைக்கும் காம்பொனன்ட் பை எடுத்தால் அதுவே 2 பவுண்டு, எல்லை தாண்டிவிடும், ஆகவே கோல். கயிறும் படுக்கையும் ஃபைட்டரின் முதுகுக்கு, அல்லது 8 தங்கக் காசு கொடுத்து ஒரு கோவேறு கழுதை வாங்கிக்கொள்ளுங்கள், 420 பவுண்டு சுமக்கும். இனி கழுதை நுழையாத ஒவ்வொரு சுரங்கமும் கூட்டத்துக்கு ஒரு முடிவெடுக்கும் தருணம். தாழ்ந்த எண் ஆட்டத்துக்குத் தருவது இதைத்தான்.

ஆபத்து இரண்டு. ஓநாய் கடித்தால் 11 எடுத்தால்தான் விழாமல் நிற்கலாம், உங்களுக்கு 35% வாய்ப்பு. இதைத் தாங்கிக்கொள்ளலாம். ஷேடோ என்ற நிழல் பிசாசு அப்படியல்ல. அதன் ஒவ்வொரு அடியும் 1 முதல் 4 வரை ஸ்ட்ரெங்த்தைக் குறைக்கும், பூஜ்யமானால் மரணம். இரண்டு அடிக்குள் சாவதற்கு உங்களுக்கு 62.5% வாய்ப்பு. ஸ்ட்ரெங்த் 15 உள்ளவரைக் கொல்ல அதற்குக் குறைந்தது நான்கு அடி வேண்டும். கல்லறை, பாழடைந்த கோயில் என்று டி.எம். ஆரம்பித்தாலே பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.

இன்டெலிஜென்ஸா (அறிவா), கரிஸ்மாவா (ஆளுமைக் கவர்ச்சியா)?

கணக்காகப் பார்த்தால் இரண்டும் மலிவு, இவற்றில் சேவ் அபூர்வமாகத்தான் வரும். இன்டெலிஜென்ஸுக்குப் பெரிய கண்டம் இன்டலெக்ட் டெவரர் என்ற மூளை தின்னும் ஜந்து. சேவ் தவறினால் மூன்று பகடை உருட்டுவார்கள், கூட்டுத்தொகை உங்கள் இன்டெலிஜென்ஸைத் தொட்டால் அறிவு பூஜ்யம். 10 உள்ளவருக்கு 62.5%, உங்களுக்கு 98%.

விளையாடிப் பார்க்கையில்தான் வித்தியாசம் தெரியும். இன்டெலிஜென்ஸ் 5 என்றதும் மழலை பேசத் தொடங்குவது பெரிய தவறு. அரக்கர்களைப் பட்டியலிடும் மான்ஸ்டர் மேனுவல் நூலில் ஓகர் என்ற முரட்டு அரக்கனின் இன்டெலிஜென்ஸும் 5-தான், அது காமன், ஜயன்ட் என இரண்டு மொழி பேசுகிறது. விஸ்டம் 15-ஓடு சேர்த்து ஒரு ரேஞ்சரைச் செய்யுங்கள்: தடம் பார்ப்பார், மழை வருமுன் சொல்வார், ஆனால் வரைபடம் புரியாது, ராஜவம்சப் பெயர் ஒன்றும் நினைவில் நிற்காது. விளையாடும் உங்களுக்கு நல்ல யோசனை தோன்றினால் அடக்கிக்கொள்ள வேண்டாம். மேசையில் சொல்லுங்கள், கதைக்குள் அது மந்திரவாதியின் வாயிலிருந்து வரட்டும்.

கரிஸ்மா 5 பாதுகாப்பானது, ஆனால் மேசையைக் கெடுக்க இதைப்போல எளிதான வழி இல்லை. எல்லோரையும் திட்டுவதற்கு அனுமதி கிடைத்ததாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். பேரம் முறியும், காவலர் வாளை உருவுவார், பார்ட் என்ற பாடகர் கேரக்டரை ஆடுபவரின் ஒரு மணி நேர உழைப்பு போய்விடும். இவர் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை என்று ஆடிப்பாருங்கள். உண்மையைச் சொல்வார், நம்பமாட்டார்கள். பேச்சில் முன்னே நிற்காமல் ஹெல்ப் என்ற உதவிச் செயலை எடுத்து பார்டுக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கொடுக்கலாம். இரண்டில் நான் இன்டெலிஜென்ஸ் பக்கம்.

1981 பேசிக்கில் இதே 5

டாம் மால்ட்வே தொகுத்த, இதே விளையாட்டின் பழைய பதிப்பான 1981 பேசிக்கில் மூன்று பகடைதான், விழுந்த வரிசையில்தான். 8 அல்லது அதற்குக் கீழே விழ ஒவ்வோர் எண்ணுக்கும் 26% வாய்ப்பு. எங்கே வைப்பது என்ற கேள்வியே இல்லை, 5 தானே இடம் பிடித்துக்கொள்ளும். எல்லா எண்ணும் 9-க்குக் கீழே இருந்தாலோ, மிகத் தாழ்ந்த எண்கள் ஒன்றுக்கு மேல் விழுந்தாலோ தூக்கிப்போட டி.எம். அனுமதிக்கலாம்.

அங்கே குறை உடனே உறைக்கும். இன்டெலிஜென்ஸ் 5 என்றால் காமன் மொழியை எழுதவும் படிக்கவும் தெரியாது என்று விதியே சொல்கிறது. கரிஸ்மா 5 என்றால் கூலியாட்கள் அதிகபட்சம் இருவர், அவர்களுடைய மொரேல் (மன உறுதி) 5. இரண்டு பகடையில் அதைத் தாண்டினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், 72% வாய்ப்பு. சராசரிக் கரிஸ்மாவில் மொரேல் 7, போவதற்கு 42%-தான். திறன் எண்ணுக்குள் டி20 போடும் முறையில் 5-க்கு 25%, 15-க்கு 75%. ஐந்தாம் பதிப்பில் இலக்கு 12 என்றால் இதே இருவருக்கும் 30%, 55%. போதாக்குறைக்கு ஐந்தாம் பதிப்பில் பயிற்சி போனஸ் +4 ஆகும் ஒன்பதாம் லெவலில், பயின்ற வேலையில் உங்கள் −3 கரைந்து +1 ஆகிவிடும்.

நீண்ட கதையாக, ஒரே கேரக்டரை ஒரு வருடம் ஆடப் போகிறீர்களென்றால் ஐந்தாம் பதிப்பில் ஸ்ட்ரெங்த் 5 மந்திரவாதியை எடுங்கள். மாற்றுச் சுமைவிதி உண்டா என்று டி.எம்.மிடம் முதல் நாளே கேட்டு, உண்டு என்றால் பையை அப்போதே எடைபோட்டு எழுதிவிடுங்கள். நான்கைந்து மாலைகளில் முடியும் ஆட்டத்துக்கு 1981 பேசிக் பொருத்தம். கேரக்டர் பத்து நிமிடத்தில் தயார், அதனால் செத்தாலும் அடுத்த அறைக்குள் புதியவர் வந்து சேர்ந்துவிடலாம்.