வி அண்ட் ஏ கண்காட்சிக்குக் ‘கடைசி இரண்டு டிக்கெட்’ என்று விற்கிறார்களா? வாங்காதீர்கள்

லண்டனில் ஏதாவது பெரிய கண்காட்சிக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் கூகுளில் தேடக் கிளம்புகிறவர்கள், தயவுசெய்து முதலில் இதைப் படித்துவிடுங்கள். தேடலில் எல்லாவற்றுக்கும் மேலே விளம்பரமாக வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளம் ஒன்று என் அக்காவையும் என்னையும் ஏமாற்றியது. பணம் ஒருவழியாகத் திரும்பி வந்தது. அக்கா பார்க்க ஆசைப்பட்டது கிடைக்கவே இல்லை.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் (வி அண்ட் ஏ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்) பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கேப்ரியல் (கோகோ) ஷனெல் பற்றிய கண்காட்சி நடந்தபோது நடந்தது இது. 2023 செப்டம்பர் 16 அன்று தொடங்கிய அந்தக் கண்காட்சிக்கு டிக்கெட் படுவேகமாகத் தீர்ந்தது. கூட்டத்தைப் பார்த்து 2024 மார்ச் 10 வரை நீட்டித்தார்கள். நாங்கள் தேடியபோது, அக்கா லண்டனில் இருக்கும் நாட்களில் ஒரு நுழைவு நேரம்கூட மிச்சமில்லை.

அக்கா பல வருடங்களாகத் தையல் தொழிலில் இருப்பவர். அவருக்கு ஷனெல் என்றால் வாசனைத் திரவியமோ கைப்பையோ இல்லை, அந்த ஜாக்கெட்தான். அதன் கீழ் விளிம்பில், உள்பக்கமாக, மெல்லிய சங்கிலி ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கனத்தில்தான் ஜாக்கெட் தூக்கிக்கொள்ளாமல் நேராக விழும். உள்துணியை மேல்துணியோடு சேர்த்து வரிவரியாகத் தையல் ஓட்டியிருப்பார்கள். இதையெல்லாம் அவர் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார். அதோடு, 1916இல் பட்டு ஜெர்சித் துணியில் செய்த ஒரு மேற்சட்டையும் அங்கே இருந்தது. ஷனெல் செய்தவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய உடைகளில் அதுவும் ஒன்று. ஆண்களின் உள்ளாடைக்குப் போட்டுக்கொண்டிருந்த துணியை எடுத்து ஒரு பெண் எப்படி வெட்டினாள் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை.

‘இந்த முறை இல்லாவிட்டால் அடுத்த முறை’ என்று சொல்லிவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். ஓவியத்துக்கு அது ஓரளவு பொருந்தும். பழைய உடைகளுக்குப் பொருந்தாது. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், இழை நைந்துபோகும். அதனால்தான் துணிக் கண்காட்சிகளில் அறை அவ்வளவு மங்கலாக இருக்கும். வெளிச்சத்தைப் பெரும்பாலும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வைத்திருப்பார்கள். கண்காட்சி முடிந்ததும் அந்த உடை பெட்டிக்குள் போய்விடும், மறுபடி எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பல ஊர்களிலிருந்தும் தனியார் சேகரிப்புகளிலிருந்தும் இரவல் வாங்கி ஒரே கூரையின் கீழ் சேர்த்தவை வேறு. இந்தத் தவிப்புதான் மறுவிற்பனைக்காரர்களுக்கு முதலீடு.

சரி, அந்தத் தளம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், அடையாளம் கண்டுகொள்ள உதவும். அதன் முகவரியில் அருங்காட்சியகத்தின் பெயரே இருந்தது. எழுத்துருவும் வெள்ளைப் பின்னணியும் அசல் தளத்தைப் போலவே இருந்தன. மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது: ‘இந்த நேரத்துக்கு 2 டிக்கெட் மட்டுமே மீதி’. அருங்காட்சியகத்தில் 25 பவுண்டு அளவில் விற்ற டிக்கெட்டுக்கு இங்கே ஆளுக்கு 68 பவுண்டு. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் ‘சேவைக் கட்டணம்’ என்று இன்னொரு தொகை தானாகச் சேர்ந்துகொண்டது. அசல் விலை என்ன என்று எந்தப் பக்கத்திலும் போடவில்லை. பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, இணையத்தில் டிக்கெட் மறுவிற்பனை செய்கிறவர்கள் அதன் அசல் விலையையும் அதற்கு இருக்கும் கட்டுப்பாடுகளையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். அது இல்லை என்றாலே அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பணம் கட்டியதும் டிக்கெட் வரவில்லை. ‘உங்கள் டிக்கெட் நுழைவு நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பு வந்து சேரும்’ என்று மட்டும் மின்னஞ்சல் வந்தது. வந்தது முந்தின நாள் நள்ளிரவை ஒட்டி. அந்தப் பிடிஎஃப் கோப்பைத் திறந்து பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. அதன் ஓரத்தில் பழைய பெயரின் கடைசி எழுத்தின் வால் மட்டும் எட்டிப் பார்த்தது. க்யூஆர் கோடு கலங்கலாக, படத்தைப் படமெடுத்தது போல இருந்தது. அந்த நேரத்தில் கேட்கவும் ஆள் இல்லை. அவர்களுடைய அரட்டைப் பெட்டி ‘அலுவலக நேரத்தில் தொடர்புகொள்ளவும்’ என்றது. இவ்வளவு தாமதமாக அனுப்புவதன் நோக்கமே அதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். விசாரிக்கவோ ரத்து செய்யவோ நமக்கு நேரம் இருக்கக் கூடாது.

சவுத் கென்சிங்டன் ரயில் நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் வரை ஒரு சுரங்கப் பாதை உண்டு. அந்தப் பாதை முழுக்க அக்கா அந்தச் சங்கிலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வாசலில் ஸ்கேனர் வைத்திருந்த பெண் எங்கள் க்யூஆர் கோடைப் பார்த்ததும் முகம் மாறினார். ஒரு முறை வைத்தார், சிவப்பு. மறுபடி வைத்தார், சிவப்பு. ‘இந்த டிக்கெட்டில் ஏற்கெனவே ஆள் உள்ளே போயாகிவிட்டது’ என்றார். நாங்கள் ஒதுங்கி நின்ற சில நிமிடங்களில் ஒரு தாயும் மகளும் அதே சிவப்பு விளக்கைச் சந்தித்தார்கள். அவர்களுடைய கைப்பேசியை எங்களுடையதோடு வைத்துப் பார்த்தோம். அதே முன்பதிவு எண், அதே வெள்ளைப் பட்டை, அதே வால். ஒரே டிக்கெட்டை எத்தனை பேருக்கு விற்றார்களோ!

அந்தப் பெண் ஊழியர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களைத் தனியே அழைத்துப்போய், இது அவர்கள் விற்ற டிக்கெட் இல்லை, உள்ளே விட அவருக்கு அதிகாரம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அருங்காட்சியகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்காதான் என்னைத் தேற்றினார். “விடுடா, வந்தது வந்தோம், சும்மா சுத்திப் பார்த்துட்டுப் போலாம்” என்றார். வி அண்ட் ஏவின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. பழைய உடைகள் இருக்கும் கூடத்தில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் குனிந்து நின்று தையலைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன்.

பதில் மறுநாள் வந்தது. ‘டிக்கெட் உங்களுக்கு வழங்கப்பட்டுவிட்டது, எங்கள் பொறுப்பு அதோடு முடிந்தது. நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் தளம் மட்டுமே.’ வற்புறுத்திக் கேட்டதற்கு, அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருவதாக ஒரு கூப்பன். ஏமாந்த இடத்திலேயே மறுபடி வந்து வாங்கு என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

பணம் எப்படித் திரும்பியது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். பிரிட்டனில் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு ஒரு நல்ல பாதுகாப்பு. கிரெடிட் கார்டில் வாங்கிய பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை இருந்தால், விற்றவர் ஏமாற்றினாலும் கார்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அந்த 100 பவுண்டு ஒரு பொருளின் விலை. 68 பவுண்டு டிக்கெட் இரண்டு வாங்கினால் கணக்கில் வராது. அதனால் எங்களுக்குக் கைகொடுத்தது சார்ஜ்பேக். அது சட்டம் இல்லை, கார்டு நிறுவனங்களின் விதி. டெபிட் கார்டுக்கும் உண்டு. வங்கியிடம் ‘பொருள் சொன்னபடி இல்லை’ என்று புகார் கொடுத்தால், அவர்கள் விற்றவரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

அந்தத் தளமும் சும்மா இருக்கவில்லை. டிக்கெட் அனுப்பிய மின்னஞ்சலை ஆதாரமாகக் காட்டி வங்கியிடம் எதிர்வாதம் செய்தது. எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு கடிதம்தான். வாசலில் அந்த ஊழியரிடம், ‘இந்த எண் கொண்ட டிக்கெட் இந்த நேரத்தில் ஏற்கப்படவில்லை’ என்று எழுத்தில் தர முடியுமா என்று அக்கா கேட்டிருந்தார். அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. அதை வைத்துத்தான் வங்கி எங்கள் பக்கம் தீர்த்தது, அதற்கே பல வாரங்கள் ஆயின. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் வாசலை விட்டு நகரும் முன் இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்கேனரின் சிவப்பு விளக்கையும் படமெடுத்து வையுங்கள்.

இந்த வியாபாரம் புதிதில்லை. 2011 நவம்பரில் லண்டன் நேஷனல் கேலரி லியோனார்டோ டா வின்சி கண்காட்சி நடத்தியபோது, ஓவியங்களை நிம்மதியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக அரை மணி நேரத்துக்கு 180 பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். 16 பவுண்டு டிக்கெட் இணையத்தில் நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போனது. கைமாறிய டிக்கெட் செல்லாது என்று கேலரி அறிவித்தும் விற்பனை நின்றபாடில்லை. 2023இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் வெர்மீரின் 28 ஓவியங்களை ஒன்றுசேர்த்தபோதும் டிக்கெட் சில நாட்களில் தீர்ந்து, மறுவிற்பனையில் விலை எங்கேயோ போனது.

இன்னொரு வகை ஏமாற்று உண்டு, அதில் டிக்கெட் செல்லும். லண்டனில் நேஷனல் கேலரி, பிரிட்டிஷ் மியூசியம், டேட் மாடர்ன் எல்லாவற்றிலும் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணமே இல்லை. அதற்கும் ‘வரிசையில் நிற்காமல் நுழைவு’ என்று காசு வாங்குகிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஆடைப் பிரிவின் கண்காட்சி பொது நுழைவுச் சீட்டுக்குள்ளேயே அடங்கும். அதற்குத் தனி டிக்கெட் என்று விற்கிறவர்கள் இல்லாத ஒன்றை விற்கிறார்கள். அப்புறம் வான்கோ பெயரில் நடக்கும் ஒளிக்காட்சிகள். சுவரில் படம் ஓட்டுவார்கள், அசல் ஓவியம் ஒன்றுகூட இருக்காது. அதை விரும்பிப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒரே மாதிரிப் பெயரில் பல நிறுவனங்கள் இதை நடத்தியதால் 2021இல் நியூயார்க்கில் மக்கள் குழம்பி, வணிக நேர்மையைக் கவனிக்கும் அமைப்பு ஒன்று எச்சரிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

டிக்கெட் தீர்ந்த கண்காட்சிக்கு நேர்வழியே இல்லை என்பதும் உண்மையில்லை. வி அண்ட் ஏ உறுப்பினர்களுக்குக் கட்டணக் கண்காட்சிகள் இலவசம். சில வகை உறுப்பினர் அட்டையில் நம்மோடு இன்னொருவரையும் அழைத்துப் போகலாம். அந்தத் தளத்துக்கு இரண்டு பேருக்குக் கட்டும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வருடம் முழுக்கப் போகலாம். பெரிய கண்காட்சிகளுக்குக் கடைசி வாரங்களில் நேரத்தை நீட்டித்துப் புதிய டிக்கெட் விடுவதும் வழக்கம். 2025 ஜனவரியில் நேஷனல் கேலரி வான்கோ கண்காட்சியை ஒரு வெள்ளி இரவு விடிய விடியத் திறந்து வைத்தது. இந்த அறிவிப்பெல்லாம் முதலில் வருவது அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலும் அவர்களுடைய மின்னஞ்சல் பட்டியலிலும்தான்.

எங்களை ஏமாற்றிய தளம் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது, அதே கடிகாரத்தோடு. சார்ஜ்பேக்குக்குப் பொதுவாக 120 நாட்கள்தான் கெடு. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் தளத்தின் அடுத்த பதிலுக்காகக் காத்திருக்காமல் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள்.