வீட்டிலிருந்து பொடி விற்பவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் எவ்வளவு உதவும்?

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மாவடு போன்றவற்றை வீட்டிலேயே செய்து, கடைகளுக்குக் கொடுக்காமல் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்பவர்கள் பலர் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத்தான் நம்பியிருக்கிறார்கள். சிறு வியாபாரங்களுக்கென்றே 2018இல் வெளிவந்த இந்தச் செயலியைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மதுரையில் எங்கள் வீட்டுப் பொடி வியாபாரத்தின் ஆர்டர்கள் முழுவதும் இதன் வழியாகவே வருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் வியாபாரத்துக்கென்று தனி எண் வாங்கிவிடுங்கள். சொந்த எண்ணில் உள்ள சாதாரண வாட்ஸ்அப்பும் இதுவும் ஒரே போனில் இயங்கும். பொட்டல உறைகளில் அச்சடித்த பிறகு எண்ணை மாற்றுவது பெரும் செலவு என்பதால், உறை அச்சிடுவதற்கு முன்பே இதை முடிவு செய்வது நல்லது.

2019இல் சேர்க்கப்பட்ட கேட்டலாக் வசதியில் ஒவ்வொரு பொருளுக்கும் படம், விலை, விளக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கலாம். விளக்கத்தில் அழகான வார்த்தைகளைவிட, பூண்டு சேர்த்ததா சேர்க்காததா, காரம் எப்படி, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை எழுதினால் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும். எல்லோருக்கும் ஒரே விலை தெரிவதால், தெரிந்தவர் என்ற உரிமையில் விலை குறைக்கச் சொல்வதும் குறைகிறது. ஆனால், கையிருப்பைக் கேட்டலாக் கணக்கு வைக்காது. மாவடு தீர்ந்துவிட்டால் அதை நாம்தான் மறைத்து வைக்க வேண்டும்; எத்தனை கிலோ உளுந்து வறுக்க வேண்டும் என்ற கணக்குக்குப் பழைய நோட்டுப் புத்தகமே துணை.

லேபிள் வசதி எளிமையானது. அதைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது என் எண்ணம். புதிய ஆர்டர், பணம் வர வேண்டியது, அனுப்பியாயிற்று என்று ஒவ்வொருவரின் உரையாடலிலும் குறியிட்டுவிட்டால், யாருக்கு என்ன பாக்கி என்பதற்காகப் பழைய செய்திகளைத் துழாவ வேண்டியதில்லை. மாதந்தோறும் வாங்குகிறவர்களுக்குத் தனி லேபிள் வைத்து, பொடி தீரும் சமயத்தில் அவர்களை மட்டும் விசாரிக்கிறோம். எங்கள் விற்பனை நிலையாக நடப்பதற்கு இந்த வழக்கமே முக்கியக் காரணம்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதைப் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். நம் எண்ணைப் பதிந்து வைக்கும் அளவுக்கு நம்பாதவரிடம் வாரந்தோறும் விற்பனைச் செய்தியை அனுப்புவதால் எரிச்சலைத் தவிர எதுவும் கிடைக்காது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்; பிராட்காஸ்ட்டில் அந்தச் சிக்கல் இல்லை, பதிலும் நமக்கு மட்டுமே வரும். முதல் பார்சலுக்குள் எண்ணைப் பதிந்துகொள்ளும்படி கேட்கும் சிறு சீட்டு வைத்தால் பட்டியல் தானாக வளரும். “ஞாயிற்றுக்கிழமை அரைக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்” என்று அறிவித்து, வந்த ஆர்டருக்கு மட்டும் வறுத்து அரைப்பதால் சரக்கு தேங்குவதில்லை. வாங்குகிறவருக்கும் வாசனை குறையாத பொடி கிடைக்கிறது. கடைகளில் வைத்து விற்கும்போது இது எளிதில் முடியாத காரியம்.

பணத்தை யுபிஐ வழியாகப் பெறுவதில் சிரமம் ஏதும் இல்லை. அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று விட்டுவிடாமல், வங்கிக் கணக்கில் பணம் வந்திருப்பதைப் பார்த்த பிறகே பார்சலை அனுப்புங்கள். போன் பழுதானால் உரையாடல்கள் அழிந்துபோகும் என்பதால், அவற்றின் நகலைச் சேமித்து வைக்கும் பேக்கப் வசதியைத் தொடக்கத்திலேயே இயக்கி வையுங்கள்.

செயலியில் கடை திறந்துவிட்டால் சட்டப்படி வேண்டியவை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. உணவுப் பொருள் விற்பதற்கு, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணோடு, எடை, விலை, பொட்டலமிட்ட தேதி, சேர்மானங்கள் ஆகியவையும் உறையில் இருக்க வேண்டும். இவை தெளிவாக அச்சிடப்பட்டிருந்தால், முன்பின் அறியாதவர்களும் தயங்காமல் வாங்குவார்கள்.

பெரிய விற்பனைத் தளங்கள் கமிஷன் எடுத்துக்கொண்டாலும் புதியவர்களை நம்மிடம் கொண்டுவருகின்றன. வாட்ஸ்அப் பிசினஸ் அந்த வேலையைச் செய்யாது. அறிமுகமானவரைத் தக்கவைத்துக்கொள்ளவே அது உதவும். புதியவர்களைத் தேடும் பொறுப்பு நம்முடையது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு நாள் மேசை போட்டு ருசி பார்க்கக் கொடுப்பதும், நவராத்திரிக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு 50 கிராம் பொட்டலம் கொடுப்பதும் எங்களுக்கு நல்ல பலன் அளித்தன. செயலியே உருவாக்கித் தரும் க்யூஆர் குறியீட்டை அந்தச் சிறு பொட்டலங்களிலும் ஒட்டிவிடுங்கள்; ருசி பிடித்தவர் அதை ஸ்கேன் செய்தால் நேரே நம் உரையாடலுக்கே வந்துவிடுவார்.