பசுமைக் கம்பெனி பங்கு என்று வருகிறார்கள், நீலகிரிக்காரர்கள் உஷார்!

2,40,000 ரூபாய். கோத்தகிரியில் பச்சைத் தேயிலை போட்டுச் சேர்த்த பணம். வாங்கிக்கொண்டவர்கள் இன்று "மார்க்கெட் ரிஸ்க் சார்" என்கிறார்கள். வயிறு எரிகிறது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பங்குகளை விற்கும் ஓர் ஆப். அதன் ஏஜென்ட் வீட்டுக்கே வந்தான். தேயிலையைப் பாக்கெட் போட்டு ஏற்றுமதி செய்யும் மலைக் கம்பெனி ஒன்றின் பங்காம். "பாக்கெட்கூட மண்ணுல மக்கிடும்ங்கண்ணா. சோலைக்காட்டை மீட்கிறாங்க" என்றான். ஜீப்பில் கூட்டிப்போய், ரோட்டில் நின்றபடியே தூரத்துச் சரிவில் நாற்றுகளைக் காட்டினான். ஒரு காலிப் பாக்கெட்டை என் கையில் வைத்து, "தொட்டுப் பாருங்க, காகிதம்" என்றான். பிளாஸ்டிக் தடையை இத்தனை வருஷம் மதித்து வாழ்கிற ஊர்க்காரனிடம் எதைச் சொன்னால் நம்புவான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலமே பணம் அனுப்பினேன்.

அந்தப் பாக்கெட்டை அம்மா எருக்குழியில் போட்டிருந்தார். மழை முடிந்து எரு அள்ளும்போது பார்த்தால், மேல்தாள் கரைந்து, உள்ளே இருந்த வெள்ளி நிறப் பிளாஸ்டிக் படலம் கசங்காமல் கிடக்கிறது. சரிவுக்கு ஏறிப் போனேன். நட்டிருப்பது சில்வர் ஓக், தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற வெளிநாட்டு மரம்! புல்வெளியில் சில்வர் ஓக் வைத்தால் அது சோலையா? கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) விழுங்கிய புல்வெளி போதாதா?

வெளிநாட்டில் வாங்குகிறவர்களும் பாக்கெட்டைச் சோதித்து ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். 480 ரூபாய்க்கு வாங்கிய பங்கை இப்போது 60-க்கும் கேட்க ஆளில்லை. பசுமை என்ற பெயருக்குத்தான் அந்த விலையே. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் புகைச் சோதனை மோசடி வெளிவந்தபோது, சில நாட்களிலேயே பங்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு போனது. 2021-ல் ஜெர்மனியின் டிடபிள்யூஎஸ் என்ற முதலீட்டு நிறுவனம் தன் பசுமை முதலீட்டை மிகைப்படுத்திச் சொன்னதாகச் செய்தி வந்ததும் அதன் பங்கு ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. அங்கே இறங்கிய விலைக்காவது விற்க முடிந்தது. எனக்கு அதுவும் இல்லை.

ஆப்பில் புகார் செய்தால் டிக்கெட் எண் வருகிறது, பதில் வருவதில்லை. கம்பெனிக்குப் போனால், "எங்ககிட்டயா வாங்குனீங்க?" ஏஜென்ட் முதலில் "லாங் டெர்ம்ல ஏறும்ண்ணா" என்றான், அப்புறம் போனையே எடுப்பதில்லை. 2,40,000 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

அனுமதி இல்லாத தளங்களில் பட்டியலிடப்படாத பங்கு வாங்காதீர்கள் என்று 2024 டிசம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்திருக்கிறது. மக்கும், பசுமை என்றெல்லாம் விளம்பரம் செய்தால் ஆதாரம் காட்ட வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்தது. ஆதாரத்தைக் கேளுங்கள். பொய் விளம்பரம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடியுங்கள். அந்த ஏஜென்ட் இப்போது குன்னூர் பக்கம் சுற்றுகிறானாம். ஜீப்பில் கூப்பிட்டால் ஏறாதீர்கள்.