பிறந்தநாளுக்கு ஓரிரவு: திருகோணமலையா, கண்டியா?

சனிக்கிழமை விடிய மட்டக்களப்பில் இருந்து வெளிக்கிட வேண்டும், ஞாயிறு இரவு வீட்டில் நிற்க வேண்டும், திங்கள் வேலை. ஆறு பேர், ஒரு வேன், அதில் ஒருத்தனுக்குப் பிறந்தநாள். இந்தக் கணக்குக்குள் அடங்குகிற நகரம் எங்களுக்கு இரண்டுதான். கொழும்புக்குப் போவோம் என்று ஒருத்தன் ஒவ்வொரு முறையும் தொடங்குவான். 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப்போய் வாகன நெரிசலுக்குள் கேக் வெட்டவா? அறுகம்பே கிட்டத்தான், ஆனால் அது நகரம் இல்லை. அலைச்சறுக்கு தெரியாதவனுக்கு அங்கே ஒரு பின்னேரம் காணும்.

மிச்சம் திருகோணமலையும் கண்டியும். இரண்டுக்கும் இதே கூட்டத்தோடு போய்வந்தாயிற்று.

திருகோணமலைக்கு 130 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். வாழைச்சேனை, ஓட்டமாவடி கழிந்து வாகரைப் பக்கம் திரும்பினால் மறுகா நெரிசலே இல்லை. பனிச்சங்கேணிப் பாலத்தில் வேனை ஓரங்கட்டி இறங்கினால் களப்புக் காற்று சேர்ட்டைப் பிய்க்கும். வெருகல், மூதூர், கிண்ணியா என்று மூன்று மணித்தியாலத்தில் ஊர் வந்துவிடும். எங்கட அப்பாமார் இதே வழியில் ‘பாதை’க்குக் காத்துக்கிடந்த கதை சொல்வார்கள். பாதை என்றால் றோட்டு இல்லை. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற மிதவை. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அந்தக் காத்திருப்புப் போய்விட்டது. இல்லாவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை.

கண்டி அப்படி இல்லை. செங்கலடியில் திரும்பி கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று போனால் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். மகியங்கனை வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்கு அங்காலதான் மலையேறுகிற றோட்டின் பதினெட்டு வளைவு. போன தடவை செய்த மடத்தனத்தைச் சொல்கிறேன்: கேக்கை ஊரிலேயே வாங்கி, பின் சீற்றில் இருந்தவனின் மடியில் வைத்தோம். மகா ஓயா வெயிலில் பட்டர் ஐசிங் இளகத் தொடங்கியது. ஐந்தாவது வளைவில் ‘இனிய’ என்ற எழுத்து பெட்டிச் சுவரில் ஒட்டியது. ஒன்பதாவது வளைவில் மடியில் வைத்திருந்தவனுக்கே தலை சுற்றி, “மச்சான், நிப்பாட்டுடா” என்று கத்தினான். அவன் ஓடி இறங்கின வேகத்தில் பெட்டி தலைகீழ். மிஞ்சினதை இரவில் கரண்டியால்தான் தின்றோம்.

வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று சுற்றிப் போகலாம். தூரம் கூட, வயிறு தப்பும். எந்த வழியென்றாலும் யானை நடமாடுகிற இடங்கள் இருக்கின்றன. பொழுதுபட முன்னம் காட்டைக் கடந்துவிடுங்கள்.

சரி, போய்ச் சேர்ந்தால் என்ன இருக்கிறது? “கடலுக்குப் பிறந்த நாங்கள் கடல் பார்க்கவா திருகோணமலைக்குப் போறது?” என்று கேட்பார்கள். ஞாயமான கேள்வி. இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடக்க எங்களுக்குப் பாசிக்குடா பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பு டவுனில் ஏறி நின்று கீழே பார்க்க ஒரு மேடு கிடையாது. எல்லாம் தட்டை. கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டில் நின்று நெட்டுக்குத்தாகக் கடலைப் பார்க்கும்போது கால் கூசும் பாருங்கள், அது எங்கட கல்லடிக் கடற்கரையில் ஒருநாளும் கிடைக்காது. கீழே இறங்கினால் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் ஆடு மாதிரித் திரியும். போன முறை ஒன்று எங்கட கச்சான் பையைப் பறிக்கப் பார்த்தது. விடிய கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழு வாளி ஊற்றிக்கொண்டால் இரவுக் களை போய்விடும்.

கண்டியும் உயரம்தான், வேறு மாதிரி உயரம். கடல்மட்டத்தில் இருந்து 500 மீற்றர் அளவில் ஊரே இருக்கிறது. இரவில் ஆர்தர்ஸ் சீற் என்கிற மேட்டில் நின்றால் வாவியைச் சுற்றின வெளிச்சம் முழுக்கக் காலடியில். மேலே ஒரு ஜக்கெற் தேவைப்படும். அதுவே எங்கட ஆட்களுக்குப் பெரிய சந்தோசம். பேராதனைப் பூங்காவுக்கு அரைநாள் வேண்டும், ஓரிரவுப் பயணத்தில் அந்த அரைநாள் கிடைக்காது. திருகோணமலைப் பக்கம் பிளேன்டீக் கடை வரைக்கும் தமிழிலேயே பம்பல் அடிக்கலாம். மகா ஓயா தாண்டினால் எங்கட அரைகுறைச் சிங்களம்தான்.

அறை விசயத்தில் கண்டியில் ஒருதரம் பட்டோம். ஆறு பேருக்கு என்று போனில் கதைத்து முற்பணமும் போட்ட இடத்தில், போய்ப் பார்த்தால் இரண்டு கட்டில். மெத்தைக்கு வேறு காசு, பன்னிரண்டு மணிக்குக் கை தட்டினதற்கு ஏச்சு. எந்த ஊர் என்றாலும் கட்டில் எத்தனை, நடுச்சாமத்தில் கேக் வெட்டலாமா என்று முதலே கேளுங்கள்.

தூரம், காசு, தூக்கம் எதைப் பார்த்தாலும் என் வாக்கு திருகோணமலைக்குத்தான். போக மூன்று, வர மூன்று மணித்தியாலம் போனாலும் கூட்டாளிகளோடு இருக்க நேரம் மிஞ்சும். கண்டிக்குப் போனால் ஞாயிறு மத்தியானமே சாமான் கட்டவேண்டும்.

ஆனால் பிறந்தநாள் எந்த மாதம் என்று ஒன்று இருக்கிறதே. மே தொடக்கம் செப்டெம்பர் வரை திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக் கடல் அடங்கிக் கிடக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடும். அதே ஆடி, ஆவணியில் கண்டியில் பெரஹரா ஊர்வலம் வரும், அறை விலை கண்டபடி ஏறும், றோட்டும் அடைபடும். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்று தொடங்கினால் திருகோணமலைக் கடல் கிட்டப் போக விடாது. மழை அடித்தால் வாகரை, வெருகல் பக்கம் வெள்ளம் ஏறும். கண்டி வழியும் அப்போது சுத்தம் இல்லை, மண்சரிவு இருக்கும். ஆனாலும் மழை இல்லாத ஒரு சனிக்கிழமை கிடைத்தால் அந்தக் குளிருக்குப் போகலாம்.

இந்த முறைப் பிறந்தநாள்காரன் டிசம்பர்க்காரன். இருபத்தொன்பது வயது, வளைவுப் பனியை இன்னும் கண்டதில்லை. ஆகவே கண்டிக்குத்தான் வேன் பேசியிருக்கிறோம், வானிலை அறிக்கை பார்த்துத்தான் வெளிக்கிடுவோம். கேக்கை மட்டும் வளைவெல்லாம் முடிந்து தெல்தெனியா தாண்டின பிறகுதான் வாங்குவது.