சோழவந்தானில் ஒரு பல் மருத்துவமனை: என் தாயாரின் ஓராண்டு அனுபவம்

மதுரைக்கு அருகிலுள்ள சோழவந்தானில் வீட்டின் முன்பகுதியையே மருத்துவமனையாக வைத்திருக்கும் பல் மருத்துவர் ஒருவரிடம் என் தாயார் கடந்த ஓராண்டாகச் சிகிச்சை பெற்று வருகிறார். தம் பெயரை எழுத வேண்டாம் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கடைத்தெருவில் "பல் டாக்டர் வீடு எது?" என்று யாரிடம் கேட்டாலும் கைகாட்டி விடுவார்கள்.

என் தாயாருக்கு வயது 68. கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அகத்திக் கொடிக்கால்களின் நிழலில் இலை கிள்ளி, கவுளி கவுளியாக இலைக் கட்டுக் கட்டி வளர்ந்தவருக்கு வெற்றிலை போடுவது சாப்பாட்டைப் போன்றதொரு வழக்கம். நாற்பது ஆண்டுகளாகப் பாக்கும் புகையிலையும் அதனோடு சேர்ந்திருந்தன. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. சென்ற ஆண்டு கீழ்க் கடைவாய்ப் பற்கள் ஆடத் தொடங்கி, ஈறு வீங்கி, சோற்றைக்கூடக் குழைத்து விழுங்கும் நிலை வந்தபோது முதலில் மதுரை நகரில் ஒரு பெரிய பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கீழ்ப்பற்கள் அனைத்தையும் எடுத்துத் தாடை எலும்பில் திருகு வைத்துப் புதுப்பல் பொருத்தலாம் என்று ஒரு மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். தொகை எங்களால் எட்டக்கூடியதாக இல்லை. அதைவிட, வந்தவர் வெற்றிலை போடுகிறவரா என்று யாரும் கேட்கவில்லை என்பது இன்று நினைத்தாலும் என்னை வருத்துகிறது.

சோழவந்தான் மருத்துவர் முதலில் கேட்டது மாத்திரைச் சீட்டை. அதைப் படித்த பிறகு, ஆடும் பல்லைத் தொடாமல், "வாயை நல்லாத் திறங்கம்மா, எம்புட்டுத் திறக்க முடியுதோ அம்புட்டு" என்றார். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்க முடிகிறதா என்று என் தாயாரையே வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு விரல்தான் நுழைந்தது. பிறகு விளக்கைத் திருப்பி, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் விரலால் தடவி ஐந்து நிமிடம் பார்த்தார். வெற்றிலையை அடக்கி வைக்கும் இடது கன்னத்தில் ஒரு வெண்திட்டு இருந்தது. நாங்கள் யாரும் அதுவரை அதைக் கண்டதில்லை. வலியே இல்லாத ஒன்றை யார் தேடிப் பார்ப்பார்கள்?

பல் பிடுங்குவதை ஒத்திவைத்துவிட்டு, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதிக் கொடுத்து, திட்டிலிருந்து சிறு சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். முடிவு வரும் வரையிலான நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று தாள் வந்தது. இருந்தாலும் இத்தகைய திட்டுகளில் சில பின்னாளில் புற்றாக மாறக்கூடும் என்பதால் மூன்று மாதத்திற்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகியிருப்பது பாக்கினால் வந்தது என்றும், இன்றே நிறுத்தினாலும் இறுகிய பகுதி முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது என்றும், நிறுத்தாவிட்டால் வாய் மேலும் சுருங்கும் என்றும் விளக்கினார்.

அவர் இதைச் சொன்ன விதத்தைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊரின் பிழைப்பும் பெருமையும் அந்த இலைதான். தாம்பூலம் இல்லாமல் இங்கே ஒரு நல்ல காரியமும் நடப்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் வெற்றிலையே கூடாது என்று ஒரு மருத்துவர் சொன்னால், மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும் சுருக்குப்பையைத் திறப்பார்கள். இவரோ இலையையும் பாக்கையும் பிரித்துப் பேசுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் கொட்டைப்பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதை எடுத்துச் சொல்லி, "புகையிலை போடல, வெறும் பாக்குத்தான்னு மனசத் தேத்திக்கிடாதீங்கம்மா" என்றார். பிறகு வாசல் திண்ணையைக் காட்டினார். அங்கே எண்பது வயதைத் தாண்டிய அவருடைய தந்தை, கொடிக்கால் விவசாயியாக இருந்தவர், பாக்கும் சுண்ணாம்பும் இல்லாமல் இரண்டு இலையை ஒரு கிராம்போடு மடித்து மென்றுகொண்டிருந்தார். மகன் பல் மருத்துவம் படித்துவிட்டு வந்த ஆண்டிலேயே பாக்கை விட்டாராம். என் தாயார் அவரிடம் போய் உட்கார்ந்து, எப்படி விட்டீர்கள் என்று அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பாக்கை விடுவதற்கு என் தாயாருக்கு நான்கு மாதம் ஆயிற்று. இருமுறை தவறினார், இருமுறையும் மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை.

சிகிச்சையைப் பொறுத்தவரை, சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்த பிறகே பல்லில் கைவைத்தார். ஆடிய இரண்டு கடைவாய்ப் பற்களை மட்டும் எடுத்தார். காப்பாற்றக்கூடிய ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து உறை போட்டார். மற்றவற்றை ஈறு சுத்தம் செய்து நிறுத்திவிட்டார். மரத்துப்போகும் ஊசியை மிக மெதுவாகச் செலுத்தியதால் ஊசிக்கே பயந்த என் தாயார் முகம் சுளிக்கவில்லை. அரைமணி நேரம் பஞ்சை அழுத்திக் கடித்திருக்க வேண்டும், அன்று முழுவதும் கொப்பளிக்கவோ ஓங்கித் துப்பவோ கூடாது, சூடாக எதுவும் சாப்பிடக் கூடாது என்று எழுதியே கொடுத்தார். அன்றிரவு அவரே தொலைபேசியில் அழைத்து இரத்தம் நின்றுவிட்டதா என்று விசாரித்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உறையும் கழற்றி மாட்டும் பல்செட்டும் மதுரையில் உள்ள பல் செய்யும் கூடத்தில் செய்யப்பட்டு வருவதால் நாள் பிடிக்கிறது. என் தாயாரின் பல்செட் முதலில் ஈறை உரசிப் புண்ணாக்கியது. மூன்று முறை சென்று ராவிய பிறகே பொருந்தியது. அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை என்றாலும், மூன்று முறை பேருந்து ஏறி இறங்குவது முதியவர்களுக்குச் சிரமம். தொலைபேசியில் முன்பதிவு கிடையாது. சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரிடும். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா நாட்களில் கூட்டம் இன்னும் மிகுதி, ஏனென்றால் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் குடியேறிவிட்டவர்கள் ஊருக்கு வந்த கையோடு இவரிடம் பல்லைக் காட்டிவிட்டுத்தான் திரும்புகிறார்கள். காத்திருப்போருக்கு வரிசை சொல்பவர் அந்தத் தந்தைதான். எண் சீட்டு எதுவும் இல்லாமல், யாருக்குப் பின் யார் என்பதை அவர் நினைவில் வைத்திருக்கிறார். பதிவேடும் கணக்கும் மருத்துவரின் மனைவியின் பொறுப்பு. கருவிகளைக் கழுவிப் பொதிந்து நீராவிக் கலத்தில் ஏற்றுவதையும் அவரே முன்நின்று பார்த்துக்கொள்கிறார். பொதியை நம் கண்முன்னே பிரிப்பது எனக்கு மிகவும் நம்பிக்கை அளித்தது.

மதியம் ஒன்றரை மணி முதல் நான்கரை வரை கதவு அடைத்திருக்கும். முதல் நாள் வெயிலில் வந்து நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மருத்துவர் தந்தைக்குத் தம் கையால் சோறு பரிமாறி, அவர் உறங்கிய பிறகு பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு சிறிது நேரம் இருந்துவிட்டே மீண்டும் மருத்துவமனையைத் திறப்பார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். இரத்தம் நிற்காதவர், முகம் வீங்கிக் காய்ச்சலோடு வருபவர் தவிர வேறு யாரும் அந்நேரத்தில் கதவைத் தட்டுவதில்லை.

கண் மருத்துவ முகாம் என்றால் மதுரைச் சீமையில் அறியாதவர் இல்லை; 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அந்தப் பழக்கத்தைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றது. பல்லுக்கு அப்படியொரு பழக்கம் நம்மிடம் இன்னும் ஊன்றவில்லை. இந்த மருத்துவர் மாதம் ஒருநாள் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளின் பற்களைப் பார்க்கிறார். என் தங்கை மகளின் பள்ளிக்கு வந்தபோது நானும் உடனிருந்தேன். ஆறு வயதை ஒட்டிப் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைக்கும் பல் அன்று, வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய நிலைப்பல் என்பதைத் தாய்மார்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைப் பாற்பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுவதால் பத்து வயதிலேயே நிலைப்பல்லைப் பிடுங்க வேண்டி வருகிறதாம். அன்று வாய் காட்டிய ஏழு வயதுச் சிறுமிக்கு மறுவாரமே பல் அடைத்துவிட்டார், பணம் வாங்கவில்லை.

மற்றவர்களிடம் அவர் வாங்கும் கட்டணம் நியாயமானது. பார்வைக் கட்டணமாக எங்களிடம் 150 ரூபாயும், வேர் சிகிச்சைக்கு உறை நீங்கலாக 3,500 ரூபாயும் பெற்றார். தவணையாகக் கொடுக்கவும் ஒத்துக்கொண்டார். எலும்பில் திருகு வைத்துப் பல் பொருத்தும் வசதி இங்கே இல்லை. அது வேண்டுவோர் மதுரைக்குத்தான் செல்ல வேண்டும், அதை அவரே முதலில் சொல்லிவிடுகிறார்.

செல்பவர்கள் செவ்வாய், புதன் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். வீட்டில் பாக்கு போடும் பெரியவர் யாரேனும் இருந்தால், பல் வலி இல்லாவிட்டாலும் அழைத்துச் சென்று கன்னத்தையும் நாக்கின் அடியையும் காட்டுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றுக்கான மாத்திரைச் சீட்டுகளையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள். அவற்றைப் பார்க்காமல் அவர் வாயைத் திறக்கச் சொல்வதில்லை.