ஃபாரஸ்டரா, ஜிம்னியா? கர்ரி தீவு மணலுக்கு எது?

உலகின் மிகப் பெரிய மணல் தீவு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருக்கிறது. ஃப்ரேசர் தீவு என்று அழைக்கப்பட்டதற்கு 2023-இல் பூர்வகுடிகளின் பெயரான கர்ரி திரும்பக் கிடைத்தது. அங்கே கிழக்குக் கடற்கரைதான் நெடுஞ்சாலை; 80 கி.மீ. வேகம் வரை போகலாம். அங்கே ஓட்ட குடும்ப எஸ்யூவியான சுபாரு ஃபாரஸ்டர் போதுமா, குட்டி ஜீப் போன்ற சுசுகி ஜிம்னி வேண்டுமா என்று யோசிப்பவர்கள் முதலில் கிரவுண்ட் கிளியரன்ஸை, அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறார்கள். ஃபாரஸ்டருக்கு 220 மி.மீ., ஜிம்னிக்கு 210. ஆக, வித்தியாசம் அங்கே இல்லை.

கடல் உள்வாங்கிய நேரத்தில், ஈரம் காயாத கெட்டி மணலில் இரண்டும் ஓடும். குடும்பத்தோடு போக ஃபாரஸ்டர்தான் சுகம். ஜிம்னியில் பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பைகளுக்கு இடமே இல்லை.

கதை மாறுவது காய்ந்த மணலில். புதைகிற மணலில் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். அதை வழுக்கல் என்று எடுத்துக்கொண்டு ஃபாரஸ்டரின் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு அமைப்பு) இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிடும். உங்களுக்கு வேண்டியதோ நிற்காத ஓட்டம். அதனால் மணலில் இறங்கும் முன்பே அதை அணைத்துவிடுங்கள். அப்படியும் நெடுநேரம் திணறினால் ஃபாரஸ்டரின் சிவிடி (பெல்ட் அல்லது சங்கிலியால் இயங்கும் தானியங்கி) கியர்பாக்ஸ் சூடேறும். ஜிம்னியில் லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் தனி கியர் இருக்கிறது: சக்கரத்துக்குப் போகும் இழுவிசை சுமார் இரு மடங்கு, வண்டி ஊர்ந்தே ஏறிவிடும். எடையும் ஏறக்குறைய 1,100 கிலோதான். ஃபாரஸ்டர் 1,600-ஐ ஒட்டி வரும்.

அப்புறம் டயர். இதை நான் இன்ஜினுக்கும் மேலாக வைப்பேன். காற்றை 18 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) வரை இறக்கினால் டயர் மணலில் நீளமாகப் படியும். ஜிம்னியின் 15 அங்குல ரிம்மில் டயரின் பக்கச்சுவர் உயரம், நன்றாகப் படியும். 18 அங்குல ரிம் போட்ட ஃபாரஸ்டருக்கு அந்த வசதி குறைவு.

ஜிம்னிக்கும் ஒரு தொல்லை உண்டு. தீவின் உட்பாதைகளில் லேண்ட்குரூசர் போன்ற பெரிய வண்டிகள் உழுதுபோட்ட தடங்கள் அகலமானவை. ஜிம்னியோ ஒடுக்கமானது, அதற்குப் பொருந்தாது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில், மறுபக்கம் மேட்டில் என்று சாய்ந்தே போகும்.

என் தீர்ப்பு இதுதான். கெட்டி மணலில், கிழக்குக் கடற்கரையில் இருக்கும் ஈலை ஓடை (Eli Creek) வரை போய் வருவதென்றால், கடல் ஏறி இறங்கும் நேரம் பார்த்து, துணைக்கு இன்னொரு வண்டியோடு ஃபாரஸ்டரில் போகலாம். தீவின் உட்புறத்தில் இருக்கும் மெக்கன்சி ஏரிக்குப் போவதென்றால் ஜிம்னிதான். பூங்கா நிர்வாகமே லோ ரேஞ்ச் உள்ள வண்டியைத்தான் பரிந்துரைக்கிறது.